பொருளாளரை உறங்க விடுங்கள்



கோடை வந்துவிட்டால் லண்டன் தமிழ் அமைப்புகளுக்கு நடைபயணக் காலம். பழைய மாணவர் சங்கம், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி, கோயில் என்று ஆளாளுக்கு ஒரு நல்ல காரியத்துக்குக் காசு சேர்க்கப் புறப்படுகிறார்கள். நடந்தவர்கள் அன்று மாலையே வீடு போய்க் கால் நீட்டிவிடுவார்கள். பொருளாளருக்கு வேலை அதன் பிறகுதான். ஜஸ்ட்கிவிங் என்ற இணைய நிதி சேர்ப்புத் தளம் தரும் அறிக்கையை இறக்கி, பெயர்களை உறுப்பினர் பட்டியலோடு ஒப்பிட்டு, சங்கத்தின் இணையத்தளத்தில் மொத்தத் தொகையைக் கையால் மாற்றிக்கொண்டு நடுநிசிவரை அமர்ந்திருப்பார்.

அவ்வளவும் தேவையில்லை. நம் மென்பொருள் ஜஸ்ட்கிவிங்கின் மென்பொருளிடம் நேரே கேட்டுப் பதில் வாங்க ஒரு வழி உண்டு. அதை ஏபிஐ (API) என்கிறார்கள். நம் சங்கங்கள் பல அந்த வாசற்படியை இன்னும் மிதிக்கவில்லை என்பதே என் குறை.

கைவேலைக்கு ஓர் எல்லை உண்டு. 2020 ஏப்ரலில் பெட்ஃபர்ட்ஷயரில் நூறு வயதை எட்டவிருந்த டாம் மூர், நடைவண்டியைத் தள்ளியபடி தன் வீட்டு வளவில் நூறு நடை நடந்தார். ஆயிரம் பவுண்ட் சேர்ப்பதாக இருந்தார். ஜஸ்ட்கிவிங் பக்கத்தில் சேர்ந்தது 3 கோடியே 20 லட்சத்துக்கும் மேல். கொடுத்தவர்கள் 15 லட்சம் பேர். அத்தனை பெயரையும் எந்தப் பொருளாளர் தட்டி முடிப்பார்? நம் தொகை சிறியது, உண்மைதான். ஆனால் நம்மிடம் சம்பளத்துக்கு ஆளும் இல்லையே.

ஏபிஐ கொண்டு என்ன செய்யலாம்? ஒருவரின் நிதி சேர்ப்புப் பக்கத்தில் இதுவரை வந்த தொகையைக் கேட்டு வாங்கிக் கலைவிழா மண்டபத் திரையில் காட்டலாம். நடைபயணத்துக்குப் பதிவு செய்யும்போதே அவருக்கான பக்கத்தையும் திறந்து கொடுக்கலாம். எனக்கு மிகப் பிடித்தது இன்னொன்று. உங்கள் தளத்தில் ‘20 பவுண்ட்’ என்ற பொத்தானை ஒருவர் அழுத்துகிறார். தொகை நிரப்பப்பட்டபடியே ஜஸ்ட்கிவிங் பக்கம் திறக்கிறது. பணம் கட்டியதும் அவர் உங்கள் தளத்துக்கே திரும்பி வருகிறார், கையில் ஒரு நன்கொடை எண்ணோடு. அந்த எண்ணைக் கொடுத்துக் கேட்டால், பணம் ஏற்கப்பட்டதா என்று ஏபிஐ சொல்லிவிடும். அவருடைய வங்கி அட்டை எண் உங்கள் கணினியைத் தொடுவதே இல்லை. தொண்டர்களால் நடக்கும் ஒரு சங்கத்துக்கு இதைவிடப் பெரிய நிம்மதி வேண்டுமா?

கிஃப்ட் எய்டையும் மறக்கக் கூடாது. இந்நாட்டில் வரி கட்டுபவர் ஒப்புதல் தந்தால், அவர் கொடுக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு 25 பென்ஸ் சேர்த்துத் தருகிறது. ஜஸ்ட்கிவிங் வழியே வரும் நன்கொடைக்கு அதைக் கோரும் வேலையை அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள்.

எல்லாம் இலவசம் என்று சொல்ல வரவில்லை. 2019-ல் ஜஸ்ட்கிவிங் தன் தளக் கட்டணத்தை நீக்கியது. அட்டைச் செயலாக்கக் கட்டணம் தொடர்கிறது. கொடுப்பவரிடம் தங்களுக்கும் ஒரு தொகை கேட்கிறார்கள். அது விருப்பத்துக்குரியது, பூச்சியமாகவும் வைக்கலாம் என்பதை நம் முதியவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். அப்படிக் கேட்பது எனக்கும் எரிச்சல்தான்.

கோட் எழுதும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் சங்கத்திலேயே உங்களுக்கு ஒரு வேலை காத்திருக்கிறது. ஜஸ்ட்கிவிங்கில் டெவலப்பராகப் பதிந்து ஒரு ஏபிஐ சாவி வாங்குங்கள். நிபந்தனைகளைப் படியுங்கள். முதலில் சோதனைத் தளத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு, பிறகு உண்மைப் பணத்தின் பக்கம் வாருங்கள். பெயர் சொல்ல விரும்பாத நன்கொடையாளரின் பெயரைத் திரையில் போட்டுவிடாதீர்கள்; தேவைக்கு மேல் எவருடைய விவரத்தையும் சேர்த்து வைக்காதீர்கள்.

பொருளாளர்களே, அந்தப் பிள்ளைகளைத் தேடி நீங்கள்தான் போக வேண்டும். அவர்களாக வந்து கேட்க மாட்டார்கள். எக்செலோடு நீங்கள் படும் பாடு அவர்களுக்குத் தெரியாது.

செய்து பார்த்ததை எங்களுக்கு எழுதுங்கள். மற்றச் சங்கங்களுக்கும் பயன்படும் கோட் என்றால் அதையும் அனுப்புங்கள், சாவியை மட்டும் நீக்கிவிட்டு.

அன்புடன்,
ஆசிரியர்