மேஸ்திரியும் மென்பொருளும்

பல கணினிகளை ஒன்றாகப் பிணைத்து ஒரே கணினிபோல் உழைக்க வைப்பதைக் கணினிக் கொத்து என்கிறோம். ஆய்வகங்களில் எல்லோரும் ‘கிளஸ்டர்’ என்றே சொல்கிறார்கள். அங்கே வந்து சேரும் கணக்கீடுகளில் எது முன்னே, எது பின்னே, எந்தக் கணினியில், எத்தனை மணி நேரம் என்று பங்கிட்டுத் தரும் மென்பொருளுக்கு ஷெட்யூலர் என்று பெயர். இலக்கிய இதழ் வாசகர்களுக்கு இதில் என்ன அக்கறை என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். வரிசையை வகுப்பவர் கையில் எப்போதும் கொஞ்சம் அதிகாரம் சேர்ந்துவிடுகிறது என்பதுதான் என் பதில். அதைப் பேச ராயபுரத்திலிருந்து தொடங்குவது பொருத்தம்.

சரக்குக் கப்பல்களில் மூட்டை சுமந்தவர்களுக்கு நிரந்தர வேலை என்ற ஒன்று ஒரு காலத்தில் கிடையாது. காலையில் துறைமுக வாசலில் கூட்டம் நிற்கும். மேஸ்திரி கைகாட்டியவனுக்கு அன்று கூலி, மற்றவனுக்கு வெறுங்கை. கைகாட்டுவதற்கு அவர் எதிர்பார்த்தது என்ன என்பதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. 1931இல் அறிக்கை தந்த அரச தொழிலாளர் ஆணையம், துறைமுகத் தொழிலாளர்களைப் பதிவு செய்து சுழற்சி முறையில் வேலை தரவேண்டும் என்று பரிந்துரைத்தது. அது சட்டமாக 1948 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பின்னர் சென்னைக்கான 1956ஆம் ஆண்டுத் திட்டமும் வந்தது. பதிவேடு, சேமப் பட்டியல், முறைவைத்து அழைப்பு, வந்து நின்றும் வேலை கிடைக்காத நாளுக்கு வருகைப்படி, மாதத்துக்குக் குறைந்தபட்ச உறுதிக்கூலி. மேஸ்திரியின் கண்ணசைவில் இருந்த வரிசை, எவரும் படித்துக் கேள்வி கேட்கக்கூடிய விதியாக எழுத்தில் வந்தது. என் கணிப்பில், வடசென்னையின் தொழிற்சங்க வரலாற்றில் கூலி உயர்வுக்குச் சற்றும் குறையாத வெற்றி இது.

1983இல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் வந்தது. மூட்டை பெட்டிக்குள் போயிற்று. ஆள் தேவை குறைந்தது. 1997இல் பெருந்துறைமுகங்களுக்கு அந்தப் பழைய சட்டம் பொருந்தாமல் போக வழிசெய்யும் இன்னொரு சட்டமும் வந்தது. அது தனிக்கதை.

இனி மென்பொருளுக்கு வருவோம். வந்தவனுக்கு முதலில் என்பது எளிய விதி. ஆனால் ஐம்பது கணினி கேட்கும் பெரிய வேலை ஒன்று முன்னால் நின்றுவிட்டால், பாதிக் கொத்து சும்மா கிடக்கும்போதுகூடப் பின்னால் நிற்கும் சிறிய வேலைகள் நகராது. இதற்காகப் பின்னிரப்பல் என்றொரு உத்தி வைத்திருக்கிறார்கள்: முன்னால் நிற்பவருக்குக் குறித்த நேரம் தள்ளிப்போகாது என்றால், இடைவெளியில் சிறியவரைப் புகுத்தலாம். இது நடக்க, ஒவ்வொருவரும் தன் வேலைக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். குறைத்துச் சொன்னால் மென்பொருள் பாதியில் வெட்டிவிடும் என்ற பயத்தில் எல்லோரும் கூட்டியே சொல்வார்கள். மனித சுபாவம் எந்திரத்துக்குள்ளும் புகுந்துகொள்கிறது, பாருங்கள். நியாயப் பங்கு என்று இன்னொரு விதியும் உண்டு. அண்மையில் அதிகம் பயன்படுத்தியவரின் முன்னுரிமை இறங்கும். நாள்பட அந்தக் கணக்கு மெல்லக் கரையும். துறைமுகச் சுழற்சிப் பதிவேட்டை எழுதிய கைகளுக்கு இது புதிதாக இருந்திருக்காது.

இந்த மென்பொருள்களைப் பெறுவது கடினமில்லை என்று தோன்றும். பெரும்பாலும் இலவசம், இறக்கிக்கொள்ளலாம். ஆனால் இவற்றின் கதையைப் படித்தவர்கள் அவ்வளவு நிம்மதியாக இருக்கமாட்டார்கள். பி.பி.எஸ். 1991இல் நாசாவின் ஏம்ஸ் மையத்தில் தொடங்கியது. 2003இல் ஆல்டேர் நிறுவனத்தின் கைக்குப் போனது. 2016இல் மீண்டும் திறந்த மூலமானது. அதன் கிளையான டார்க், பல பல்கலைக்கழகங்கள் நம்பியிருந்தது, 2018இல் மூடப்பட்டது. சன் நிறுவனம் திறந்துவிட்ட கிரிட் எஞ்சின், 2010இல் ஆரக்கிள் சன்னை வாங்கியதும் கதவைச் சாத்திக்கொண்டது. லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் பிறந்த ஸ்லர்ம் இன்று உலகெங்கும் பெருங்கொத்துகளை ஆள்கிறது. அதைப் பராமரிக்கும் நிறுவனத்தை என்விடியா வாங்கியதாக 2025 டிசம்பரில் செய்தி வந்தது. திறந்த மூலமாகவே தொடரும் என்று சொல்லியிருக்கிறார்கள். தொடரட்டும். ஆனாலும் கொத்துக்குள் இருக்கும் கணக்கீட்டுச் சில்லுகளை விற்பவரே வரிசையையும் பராமரிப்பவராக இருப்பதை நான் கவலையில்லாமல் பார்க்கவில்லை.

நம் ஊர் நிலைமை என்ன? தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் 2004இல் 144 இரட்டைச் செயலிக் கணினிகளைக் கோத்து ‘கப்ரு’ என்ற கொத்தை அமைத்தபோது, ஒரு டெராஃப்ளாப் வேகத்தைத் தொட்டது பெரும் சாதனையாகப் பேசப்பட்டது. 2022 மே மாதம் திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் தொடங்கப்பட்ட ‘பரம் பொருள்’ 838 டெராஃப்ளாப். பெயரில் குறளின் பொருட்பால் இருப்பதில் நமக்கெல்லாம் மகிழ்ச்சி. அரசியலும் நிர்வாகமும் பேசும் பால் அது. முறைசெய்வது என்ற சொல்லுக்கு அங்கே எவ்வளவு கனம் என்பது வாசகர்களுக்குத் தெரியும்.

ஆனால் சாதாரணக் கல்லூரி ஒன்று கொத்து வாங்கும்போது நடப்பது வேறு. ஒப்பந்தப்புள்ளியில் செயலிகளுக்கும் குளிரூட்டிக்கும் பக்கம்பக்கமாக நிபந்தனை இருக்கும். ஷெட்யூலருக்கு ஒரே வரி. விற்பனையாளர் தனக்குப் பழகியதை நிறுவிவிட்டுப் போய்விடுவார். விதிகளைத் திருத்தத் தெரிந்த ஆள் ஒருவருக்குச் சம்பளம் என்று எந்தத் தலைப்பிலும் பணம் ஒதுக்கியிருக்கமாட்டார்கள். இலவச மென்பொருளின் உண்மையான விலை அந்தச் சம்பளம்தான். அதைத் தராத இடத்தில் என்ன ஆகும்? துறைத்தலைவரின் மாணவர் ‘கொஞ்சம் அவசரம் சார்’ என்று கேட்பார். நிர்வாகி முன்னுரிமையை ஏற்றிவிடுவார். மேஸ்திரி திரும்ப வந்துவிட்டார்.

துணைக்கருவிகள் விஷயத்திலும் இதே குழப்பம். வரைபடம், வண்ணப்பலகை, கைப்பேசிச் செயலி என்று விலைகொடுத்து வாங்குகிறார்கள். முதலில் வேண்டியது பயன்பாட்டுக் கணக்கு: யார், எப்போது, எத்தனை மணி. ஸ்லர்மில் அதற்கான தரவுத்தளப் பகுதி விலையின்றியே கிடைக்கிறது. உலாவியிலிருந்தே வேலை அனுப்ப ஒஹாயோ மையம் தரும் ஓப்பன் ஆன்டிமாண்ட், பயன்பாட்டை அலச எக்ஸ்.டி.மாட், இரண்டும் திறந்த மூலம்தான். உண்மையில் பணம் கரைவது பொறியியல் மென்பொருள்களின் உரிமத்தில். பத்து உரிமம் இருக்க, இருபது வேலை ஒன்றாகத் தொடங்கினால் பத்து தோற்கும். உரிமத்தையும் ஒரு வளமாக எண்ணி வரிசையில் வைக்க ஷெட்யூலருக்குச் சொல்லிக்கொடுக்கலாம். இந்த ஒரு சிறு வேலையைச் செய்தாலே செலவு மிச்சம்.

எண்ணூருக்கும் இதில் பங்கிருக்கிறது. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெயை மனிதர்கள் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து வந்த எண்ணெய், எண்ணூர்க் கழிமுகத்து மீனவர்களின் படகிலும் வலையிலும் ஒட்டிக்கொண்டது. எண்ணெய் எந்தப் பக்கம் நகரும், கொசஸ்தலை ஆற்று நீர் எவ்வளவு ஏறும் என்று கணக்கிட இன்று கணினி மாதிரிகள் உண்டு. அவற்றின் விடை சில மணி நேரத்துக்குள் வந்தால்தான் பயன். ஓடிக்கொண்டிருக்கும் ஆய்வு வேலையை நிறுத்திவைத்து அவசர வேலையை உள்ளே விடும் வசதி எல்லா நல்ல ஷெட்யூலரிலும் இருக்கிறது. அதை எப்போது, யார் சொல்லி இயக்குவது என்பதைப் புயலன்று தொலைபேசியில் முடிவுசெய்ய முடியாது.

பொதுப்பணத்தில் வாங்கும் ஒவ்வொரு கொத்துக்கும் வரிசை விதி தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வெளியிடப்பட வேண்டும் என்பது என் கோரிக்கை. கரையோர வெள்ளம், எண்ணெய்க் கசிவு இரண்டும் பெயர் சொல்லி அதில் முன்னுரிமை பெறவேண்டும். விதியை மீறி யாருக்கேனும் இடம் தந்தால் அதுவும் பதிவாக வேண்டும். மென்பொருள் மாறினாலும், அதன் முதலாளி மாறினாலும், விதி நம்மிடம் இருக்கும். துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் லாரிகள் எண்ணூர் நெடுஞ்சாலையில் தன் முறை எப்போது என்று தெரியாமல் மணிக்கணக்கில் நின்றதை அந்தப் பக்கத்தார் அறிவார்கள். ஒரு கொத்தில் வேலை அனுப்பிய மாணவி, தன் இடம் எத்தனையாவது என்பதை ஒரு கட்டளையில் பார்த்துக்கொள்ளலாம். ஏன் அந்த இடம் என்பதையும் அவளால் படித்தறிய முடியவேண்டும்.