நாணயத்தின் அடியில் ஒரு குறி

பேருந்து நடத்துனர் வாங்க மறுக்கிறார். பெட்டிக்கடைக்காரர் தொட்டுப் பார்க்கவும் கூசுகிறார். "பத்துக் கோடு இருந்தால் செல்லும், பதினைந்து கோடு இருந்தால் செல்லாது" என்று ஒருவர் தீர்ப்புக் கூறுகிறார். அன்றாடக் கூலியாக வாங்கி வந்த பத்து ரூபாய் நாணயத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கள்ளப் பணம் அடித்தவனைப் போலத் தலை குனிந்து நிற்கிறான் தொழிலாளி! இந்தக் காட்சியைத் தமிழ்நாட்டின் ஊர்தோறும் ஆண்டுக்கணக்கில் கண்டோம். 14 வடிவங்களில் 10 ரூபாய் நாணயம் வெளிவந்திருக்கிறது, அத்தனையும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிக்கை விட்டது. அறிக்கை வந்தது, வதந்தி போயிற்றா? எளிதில் போகவில்லை.

ஏன் போகவில்லை? நாணயத்தை எண்ணத் தெரிந்த நமக்கு, அதைப் படிக்கத் தெரியவில்லை. யாரும் சொல்லித் தரவுமில்லை.

தோழர்களே, சட்டைப்பையில் இருக்கும் நாணயம் ஒன்றை எடுங்கள். ஆண்டு பொறித்திருக்கும் இடத்திற்குக் கீழே பாருங்கள். சிறு சாய்சதுரம் இருந்தால் அது மும்பையில் அடித்தது. ஐந்து முனை நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத். உருண்டைப் புள்ளி இருந்தால் நொய்டா. எதுவுமே இல்லையென்றால்? கள்ள நாணயம் என்று வீசி விடாதீர்கள். அது கல்கத்தாவில் பிறந்தது! கல்கத்தா தங்கசாலைக்குக் குறி கிடையாது. மூத்த பிள்ளைக்கு அடையாளம் எதற்கு என்ற நினைப்புப் போலும். சேகரிப்போருக்கென்று மும்பையில் தனி மெருகோடு அடிக்கும் நாணயங்களில் 'எம்' என்ற எழுத்தைக் காணலாம்.

குறியின் கதை இவ்வளவுதான். ஆனால் இந்தச் சிறு குறியை வைத்துப் பிழைக்கும் எத்தர்களின் கதை பெரிது.

திருவிழாக் கூட்டத்தில் துணி விரித்து உட்கார்ந்திருப்பான் ஒருவன். "அண்ணே, விக்டோரியா மகாராணி ரூபாய், அசல் வெள்ளி, அடியில் குறி பாருங்கள்" என்பான். குறி இருக்கலாம். ஆனால் குறி எதைச் சொல்கிறது? எந்த ஊரில் அடித்தது என்பதை மட்டுமே சொல்கிறது. உள்ளே எத்தனை பங்கு வெள்ளி என்பதைச் சொல்வதே இல்லை! பிறந்த ஊரைச் சொன்னால் ஒருவனுடைய ஒழுக்கம் தெரிந்துவிடுமா?

இதை வெள்ளைக்காரன் ஆட்சியே மெய்ப்பித்துக் காட்டியது. 1835ல் நாடு முழுவதற்கும் ஒரே ரூபாய் என்று கிழக்கிந்தியக் கம்பெனி சட்டம் செய்தபோது, ரூபாயின் எடை 180 கிரெயின், அதாவது 11.66 கிராம், பன்னிரண்டு பங்கில் பதினொரு பங்கு வெள்ளி. நூறாண்டுக்கு மேல் அந்தக் கணக்கு நின்றது. போர் வந்தது. 1940ல் அதே எடை, அதே மன்னர் தலை, அதே ஒரு ரூபாய் என்ற எழுத்து; வெள்ளி மட்டும் சரிபாதி! மீதிப் பாதி செம்பும் நிக்கலும் துத்தநாகமும். ஒரு ரூபாய்க்கு ஏறத்தாழ 10.7 கிராம் வெள்ளி பெற்று வந்தவன், 5.8 கிராம் பெற்றான். கூலி குறையவில்லை, கூலியாகக் கொடுத்த உலோகம் குறைந்தது. போதாக்குறைக்கு, 1941க்கும் 1943க்கும் இடையே பழைய நல்ல வெள்ளி ரூபாய்களைச் செல்லாது என்று அறிவித்துத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். 1943ல் லாகூரிலும் ஒரு தங்கசாலை திறந்து, 'எல்' என்ற எழுத்தைப் பொறித்தார்கள். ஊர்க்குறி ஒழுங்காகத்தான் இருந்தது. உள்ளே இருந்த வெள்ளிதான் பாதியாகிப் போயிருந்தது.

அதுவும் போதாமல், அமெரிக்காவிடம் 22 கோடியே 60 லட்சம் அவுன்ஸ் வெள்ளியைக் கடனாக வாங்கினார்கள். வெள்ளையன் போய்விட்டான், கடன் நின்றது. கல்கத்தா அலிப்பூரில் சுத்திகரிப்பு ஆலை அமைத்து, அந்தப் பாதி வெள்ளி ரூபாய்களை உருக்கி, சுதந்திர இந்தியா 1950களில் அந்தக் கடனை அடைத்தது. போரை நடத்தியவர் யார், கடனைத் தீர்த்தவர் யார்?

ஆகவே பழைய ரூபாய் வாங்குகிறவர்கள் குறியைப் பார்ப்பதற்கு முன் ஆண்டைப் பார்க்க வேண்டும். பிறகு தராசில் வைக்க வேண்டும். 1947ல் வந்த ரூபாயில் வெள்ளியே இல்லை, முழுக்க நிக்கல். அதையும் வெள்ளி என்று விற்கும் வீரர்கள் உண்டு.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. இராமர் சீதை உருவம், 1818, கிழக்கிந்தியக் கம்பெனி என்று பொறித்த வில்லையைக் காட்டி, இது கம்பெனி நாணயம், பூசையில் வைத்தால் செல்வம் கொழிக்கும் என்கிறார்கள். கம்பெனியின் எந்தத் தங்கசாலையும் அப்படியொரு நாணயத்தை அடிக்கவேயில்லை. அரிசியை இழுக்கும், இரிடியம் கலந்தது, கோடி ரூபாய் பெறும் என்று சொல்லி வீட்டையும் நகையையும் விற்க வைத்த கும்பல்கள் நம் மாவட்டங்களிலேயே சிறைக்குப் போயிருக்கின்றன. உலோகம் அரிசியை இழுக்குமா? இழுத்தது ஏமாந்தவன் பணத்தைத்தான்! இப்போது கைப்பேசியிலும் வருகிறார்கள்: உங்கள் பழைய நாணயம் பல லட்சம் பெறும், முதலில் வரி கட்டுங்கள், கமிஷன் கட்டுங்கள் என்று. ரிசர்வ் வங்கியின் பெயரையே சொல்லி ஏய்க்கிறார்கள் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரிக்க வேண்டி வந்தது.

நம் கழகத் தோழர்களுக்கும் ஒரு சொல். கலைஞர் நூற்றாண்டு நினைவாக 2024 ஆகஸ்டில் வெளிவந்த 100 ரூபாய் நாணயத்தை வீட்டில் பாதுகாப்பவர்கள் பலர். அதன் எடை 35 கிராம். அதில் பாதிதான் வெள்ளி. முழு வெள்ளி என்று எவனாவது விலை பேசினால் நம்பாதீர்கள். அந்த நாணயத்தின் மதிப்பு உலோகத்தில் இல்லை. "தமிழ் வெல்லும்" என்ற எழுத்தில் இருக்கிறது.

எழுத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். சென்னையில் தங்கசாலைத் தெரு என்று ஒரு தெரு இருக்கிறதே, அது வெறும் பெயரல்ல. அங்கே நாணயம் அடித்தார்கள். ஆர்க்காட்டுப் பெயரில் சென்னையில் அடித்த வெள்ளி ரூபாய்க்குத் தாமரை குறி; புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரன் அடித்ததற்குப் பிறை. 1807, 1808ல் சென்னைக்கென்று கம்பெனி வெளியிட்ட வெள்ளி வராகன்களில் தமிழ் எழுத்து இருந்தது, தெலுங்கும் இருந்தது. தமிழன்பாலா? இல்லை! கொடுக்கல் வாங்கல் நடக்க வேண்டுமானால் மக்கள் படிக்க வேண்டும் என்ற வணிகப் புத்தி. 1835ல் ஒரே நாணயம் என்றார்கள், வெள்ளி ரூபாயில் தமிழ் போயிற்று. 1869ல் சென்னைத் தங்கசாலையையே மூடினார்கள். பிறகு வந்த ஓரணாவில் நான்கு மொழி இருந்தது, தமிழ் இல்லை. 2009ல் அண்ணா நூற்றாண்டுக்காக வந்த 5 ரூபாயில், அண்ணாவின் தமிழ்க் கையெழுத்து நாணயத்தில் ஏறியது. அன்று சிலர் அதைச் சின்ன விஷயம் என்றனர். கம்பெனிக்காரன் 1807ல் சின்ன விஷயமாக நினைக்கவில்லையே!

இன்று நான்கு ஊர்களில் நாணயம் அடிக்கிறார்கள். தமிழ்நாட்டில் எங்கும் இல்லை. தங்கசாலை கேட்டுப் போராடுவது ஒரு புறம் இருக்கட்டும். நான்கு ஊர்க் குறிகளையும், 10 ரூபாயின் 14 வடிவங்களையும் படத்தோடு தமிழில் அச்சிட்டு, வங்கிகளிலும் அஞ்சலகங்களிலும் பேருந்துப் பணிமனைகளிலும் ரேஷன் கடைகளிலும் ஒட்டுவதற்கு டில்லிக்கு என்ன செலவு ஆகும்? ஒரு தாள், ஒரு கரண்டி பசை. அதுகூட வரும்வரை, நம் மன்றங்களின் படிப்பகப் பலகையில் நாமே எழுதிப் போடலாம்: சாய்சதுரம் மும்பை, நட்சத்திரம் ஐதராபாத், புள்ளி நொய்டா, ஒன்றுமில்லாதது கல்கத்தா, நான்கும் செல்லும்.