இரண்டாவது டேக்

பிறருடைய நாயைப் பொறுப்பேற்றுப் பார்த்துக்கொள்ளும் நம்மில் பலர், உரிமையாளர் மாட்டி அனுப்பிய கழுத்துப்பட்டையை அப்படியே விட்டுவிடுகிறோம். பட்டை இருக்கிறது, டேக் இருக்கிறது, சட்டம் கேட்டது நிறைவேறிவிட்டது என்று நினைக்கிறோம். பிரிட்டனில் தொழில் செய்பவர்களைப் பொறுத்தவரை இந்த நினைப்பு பாதிதான் சரி. 1992ஆம் ஆண்டின் நாய்கள் கட்டுப்பாட்டு ஆணைப்படி, தெருவிலோ பொது இடத்திலோ இருக்கும் நாய் கழுத்துப்பட்டை அணிந்திருக்க வேண்டும். அந்தப் பட்டையிலோ அதில் கோத்த தகட்டிலோ உரிமையாளரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். இல்லையென்றால் உரிமையாளரோடு, அந்த நேரத்தில் நாய் யார் பொறுப்பில் இருக்கிறதோ அவரும் குற்றத்துக்கு உள்ளாவார். வேட்டை நாய், மந்தை ஓட்டும் நாய், மீட்புப் பணி நாய் போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. கூலிக்கு வீட்டு நாயை நடக்கக் கூட்டிப்போகிறவருக்கு இல்லை. ஆகவே உரிமையாளரின் டேக்கைக் கழற்றி நம்முடையதை மாட்டுவது தவறு. ஆனால் அந்த ஒரு டேக்கோடு நிறுத்திக்கொள்வதும் போதாது என்பதே இந்த உரையின் வாதம்.

நாய் தொலைந்துபோனால் என்ன நடக்கிறது என்று பார்த்தால் காரணம் புரியும். 1990ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டப்படி, கேட்பாரற்று அலையும் நாயை உள்ளூர் கவுன்சிலின் அலுவலர் பிடித்து வைக்கிறார். பட்டையில் முகவரி இருந்தால் அந்த முகவரிக்கு எழுத்தில் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அறிவிப்பு போய்ச் சேர்ந்ததிலிருந்து முழுதாக ஏழு நாட்களுக்குள் யாரும் வந்து உரிய தொகையைக் கட்டி மீட்கவில்லை என்றால், நாயை விற்கலாம், வேறொருவருக்குக் கொடுக்கலாம், கருணைக்கொலையும் செய்யலாம். நல்லெண்ணத்தோடு வாங்கிக்கொண்டவருக்கே அதன் உரிமை சேர்ந்துவிடும். இப்போது நம் தொழிலின் அடிப்படையை எண்ணிப் பாருங்கள். உரிமையாளர் ஊரில் இல்லாததால்தான் நாய் நம்மிடம் இருக்கிறது. சட்டம் கேட்கும் அந்த முகவரி, நாய் நம் வீட்டில் தங்கியிருக்கும் நாட்களில் ஒரு பூட்டிய வீட்டின் முகவரி. அறிவிப்புக் கடிதம் கதவுக்குப் பின்னால் விழுந்து கிடக்கும். இரண்டு வார விடுமுறைக்குப் போனவர் திரும்பி வந்து அதை எடுத்துப் படிக்கும்போது ஏழு நாள் கடந்திருக்கும். நாமும் தேடுவோம், கவுன்சிலுக்கும் சொல்வோம், உண்மைதான். ஆனால் அடுத்த தெருவில் நாயைப் பிடித்து நிறுத்திய ஒருவருக்கு நம்மைப் பற்றித் தெரிய அந்தக் கழுத்தில் எதுவுமே இல்லை.

மைக்ரோசிப் இருக்கிறதே என்று கேட்பார்கள். இங்கிலாந்தில் 2016 ஏப்ரல் 6 முதல் எட்டு வாரம் கடந்த நாய்களுக்கு அது கட்டாயம். ஆனால் சிப் இருந்தால் பட்டை வேண்டாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இரண்டும் தனித்தனிக் கடமைகள். சிப்பைப் படிக்க ஸ்கேனர் வேண்டும். அதில் இருப்பது வெறும் எண். அந்த எண் எந்தத் தொலைபேசிக்குப் போகும் என்பதைப் பதிவுத் தளம்தான் சொல்லும். நாய் வழக்கமாக யாரோடு வசிக்கிறதோ அவரே அங்கே காப்பாளராகப் பதிவாகிறார். பத்து நாள் பார்த்துக்கொள்ளும் நாம் அந்த இடத்துக்கு வர முடியாது, வரவும் கூடாது. எனவே சிப்பும் கடைசியில் விமானத்தில் இருக்கும் உரிமையாளரின் அணைத்து வைத்த கைபேசிக்கே வழிகாட்டுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் வெறுங்கண்ணால் படித்து உடனே அழைக்கக்கூடியது டேக் ஒன்றுதான்.

இதைவிடக் கனமான மறுப்பு பட்டையைப் பற்றியது. கூண்டுக் கம்பியில் பட்டையோ டேக்கோ மாட்டிக்கொண்டு நாய் திணறுவதும், இரண்டு நாய்கள் கடித்து விளையாடும்போது ஒன்றின் கீழ்த்தாடை மற்றதன் பட்டைக்குள் சிக்கி முறுக்கிக்கொள்வதும் நம் தொழிலில் நிஜமான ஆபத்துகள். இதைச் சொல்கிறவர்கள் சரியாகவே சொல்கிறார்கள். சட்டமும் இவர்களுக்கு இடம் கொடுக்கிறது. வீட்டுக்குள் பட்டை அணிவிக்கும்படி அது கேட்கவில்லை. கூண்டில் விடும்போதும் நாய்களைச் சேர்த்து விளையாட விடும்போதும் பட்டையைக் கழற்றிவிடுவதே சரி என்பது எங்கள் கருத்தும். ஆனால் புதிய வீட்டில் மிரண்டிருக்கும் நாய் பெரும்பாலும் நழுவுவது பார்சல்காரருக்குக் கதவு திறக்கும் அந்தக் கணத்தில்தான். தீபாவளியும் நவம்பர் 5 வாணவேடிக்கையும் அடுத்தடுத்து வரும் வாரங்களில் இது இன்னும் கூடும். ஆகவே பட்டையைக் கழற்றினால் நாய்க்கும் வாசல் கதவுக்கும் நடுவே மூடிய இன்னொரு கதவு இருக்க வேண்டும். வாசலைத் திறப்பதற்கு முன் பட்டை கழுத்துக்கு ஏற வேண்டும். ஹார்னஸ் மாட்டி, டேக்கை அதில் கோத்துவிட்டால் போதும் என்பவர்கள் ஆணையைத் திரும்பப் படிக்க வேண்டும். அது கேட்பது கழுத்துப்பட்டையை. இழுவைக்கு ஹார்னஸ், அடையாளத்துக்குப் பட்டை என்று இரண்டையும் வைத்துக்கொள்வதில் தடை ஒன்றும் இல்லை.

இரண்டாவது டேக்கில் நம் கைபேசி எண் போதும்; இடமிருந்தால் ‘இப்போது என்னிடம்’ என்று இரண்டு சொல் சேர்க்கலாம். நாயின் பெயரைச் சட்டம் கேட்கவில்லை. திருட வருபவனுக்கு அது உதவும் என்று அஞ்சும் உரிமையாளரின் விருப்பப்படி அதை விட்டுவிடுங்கள். காகிதச் சுருளைத் திருகி மூடும் குழல் டேக்குகளை நம்பாதீர்கள். நடக்க நடக்கத் திருகு தளர்ந்து மூடி விழும், காகிதமும் போய்விடும். எஸ் வடிவக் கொக்கியும் இழுத்தால் வாய் திறந்துகொள்ளும். இரட்டைச் சுற்று வளையத்தில் கோத்த, எழுத்து வெட்டிய உலோகத் தகடுதான் நிற்கும். நாயை வாங்கிக்கொள்ளும்போதே உரிமையாளரின் டேக்கை விரலால் தடவிப் படித்துப் பாருங்கள். பழைய வீட்டு முகவரி இருக்கும், அல்லது எழுத்தே தேய்ந்திருக்கும். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

தன் வீட்டில் நாய்களைத் தங்கவைப்பவர் இங்கிலாந்தில் 2018ஆம் ஆண்டின் விதிகளின்படி உரிமம் பெற வேண்டும். உரிமையாளரின் வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்பவருக்கு அந்த உரிமம் தேவையில்லை. ஆனால் பட்டையைப் பற்றிய பொறுப்பு இருவருக்கும் ஒன்றே. நீங்கள் நாயை ஏற்கும்போது கையெழுத்து வாங்கும் படிவத்தில் மூன்று வரிகளைச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம்: உரிமையாளரின் டேக் சரிபார்க்கப்பட்டது, நம் எண் கொண்ட டேக் மாட்டப்பட்டது, நாயைத் திருப்பித் தரும்போது அது கழற்றப்பட்டது.