ஏரி உண்டு, பாய்மரம் எங்கே?

மத்தியப் பிரதேசத்துக்குக் கடற்கரை கிடையாது. அந்த ராஜ்யத்தின் எந்த மூலையில் நின்று நோக்கினாலும் அலை கண்ணில் படாது. ஆயினும், 2023-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் சீனாவில் நடந்த ஹாங்சௌ ஆசிய விளையாட்டுகளில், தனி ஒருவரே செலுத்தும் பாய்மரப் படகுப் பந்தயத்தில் நமது தேசத்துக்கு வெள்ளிப் பதக்கம் ஈட்டிக் கொடுத்தவர், அந்த ராஜ்யத்தின் தேவாஸ் ஜில்லாவைச் சேர்ந்த ஒரு விவசாயியின் புதல்வி. நேஹா தாக்குர் என்பது அவர் பெயர். அப்போது வயது 17. அவர் பயின்ற இடம் சமுத்திரம் அன்று. போபால் நகரத்துப் பெரிய ஏரி.

இதை இப்பொழுது நாம் நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்களைச் சுற்றி ஏரிகளுக்குப் பஞ்சமில்லை. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, பருத்திப்பட்டு ஏரி, செம்பரம்பாக்கம் ஏரி என்று எண்ணிக்கொண்டே போகலாம். இருந்தும் போபாலில் இருப்பது போன்ற ஒரு பாய்மரப் பள்ளி இவற்றின் கரையில் இல்லை. இது ஏன் என்று நாம் கேட்கிறோம்.

இந்தப் பந்தயத்தின் தன்மையை முதலில் நேயர்கள் அறிந்துகொள்வது நலம். முன்னர் லேசர் என்றும் இப்போது ஐ.எல்.சி.ஏ. என்றும் வழங்கும் படகு 4.23 மீட்டர் நீளமுள்ளது. அதன் உடல் எல்லோருக்கும் ஒன்றே. பாயின் அளவு மட்டும் செலுத்துபவரின் பிராயத்துக்கும் எடைக்கும் ஏற்ப மூன்று விதம். பதினைந்து வயதுக்குட்பட்ட சிறுவர்களுக்கு ஆப்டிமிஸ்ட் என்னும் 2.3 மீட்டர் தோணி இருக்கிறது. எஞ்சின் இல்லை, துணையாள் இல்லை, யோசனை சொல்லக் கூட இருப்பவர் யாரும் இல்லை. பாயை இழுக்கும் கயிறும், சுக்கானும், உடலைச் சாய்த்துப் படகை நிமிர்த்தும் திறமையும், காற்றை அறியும் கண்ணும்தான் செலுத்துபவரின் ஆயுதங்கள்.

காற்று வரும் திசைக்கு நேர் எதிராக எந்தப் பாய்மரமும் போகாது. காற்றுக்குச் சுமார் 45 டிகிரி விலகி ஒரு புறம் ஓடி, பிறகு திருப்பி மறு புறம் ஓடி, வளைந்து வளைந்துதான் எதிர்க் காற்றில் முன்னேற வேண்டும். நடுவில் காற்று பத்து டிகிரி திரும்பினால், அதை முதலில் கண்டு படகைத் திருப்பியவர் முந்துகிறார். காணத் தவறியவர் எவ்வளவு பலசாலியானாலும் பின்தங்குகிறார். சனி, ஞாயிறு இரு தினங்களில் பந்தயம் நடந்தால் ஒரே ஓட்டத்தில் எதுவும் தீர்ந்துவிடாது. பல ஓட்டங்கள் நடக்கும். முதல்வருக்கு 1 புள்ளி, இரண்டாமவருக்கு 2 என்று கணக்கு ஏறும். மிக மோசமான ஓட்டம் கழிக்கப்படும். மிகக் குறைந்த புள்ளி பெற்றவரே ஜயசீலர். நேஹா 11 ஓட்டங்களில் 32 புள்ளிகள் பெற்றார். மோசமான ஓட்டத்தின் 5 புள்ளிகள் கழிய 27 நின்றது. சனிக்கிழமை வாடையில் வென்றவர் ஞாயிற்றுக்கிழமை கொண்டலில் தோற்கலாம். எல்லாக் காற்றிலும் நிதானம் தவறாதவருக்கே பரிசு. பொதுவாழ்வில் இறங்க விரும்பும் வாலிபர்களுக்கு இதைவிடச் சிலாக்கியமான பயிற்சி வேறு உண்டோ?

இந்த வித்தையில் தமிழர்களுக்குத் திறமை இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. 2021-ல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக் பந்தயங்களுக்கு இந்தியாவிலிருந்து சென்ற பாய்மர வீரர்கள் நால்வர். நேத்ரா குமணன், கே. சி. கணபதி, வருண் தக்கர் ஆகிய மூவரும் சென்னையைச் சேர்ந்தவர்கள். நான்காமவரான விஷ்ணு சரவணன் வேலூரைச் சேர்ந்த ராணுவ வீரர். இந்தியப் பெண்களில் ஒலிம்பிக் பாய்மரப் பந்தயத்துக்குத் தகுதி பெற்ற முதல்வர் நேத்ராவே. விஷ்ணு ஹாங்சௌவில் வெண்கலம் வென்று, 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் 18-ஆம் இடம் பெற்றார். நேத்ரா இந்தத் துறையில் காலடி வைத்தது 2009-ல் நடந்த ஒரு கோடைக்காலப் பயிற்சி முகாமில். ஒரு கோடை முகாம் தேசத்துக்கு ஓர் ஒலிம்பிக் வீராங்கனையை அளித்ததென்றால், பத்து முகாம்கள் என்னதான் அளிக்கமாட்டா?

ஆனால் இந்த வித்தை சென்னைத் துறைமுகத்தை ஒட்டியே வளர்ந்திருக்கிறது. 1911-ல் துறைமுகத் தலைவராயிருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் தோற்றுவித்த ராயல் மெட்ராஸ் யாட் கிளப், வெள்ளைக்காரத் துரைமார்களின் பொழுதுபோக்குக்காக ஏற்பட்டது. துரைமார்கள் போய்விட்டார்கள், கிளப்பும் நம்மவர் கைக்கு வந்துவிட்டது. எனினும், அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் உழைப்பவரின் மகனுக்கும், பூந்தமல்லியில் காய்கறி விற்பவரின் மகளுக்கும் துறைமுகம் இன்றும் தூரமே. பஸ்ஸில் போய்த் திரும்பவே அரை நாள் கழிந்துவிடும். கடல் அவர்களிடம் வராது. ஏரியோ அவர்கள் வீட்டு வாசலில் இருக்கிறது.

ஏரி கடலுக்கு இளைத்த பள்ளி என்று எண்ணுவது தவறு. கடலில் காற்று தடையின்றி வருகிறது. ஏரிக்கு வரும் காற்றோ மரங்களிலும் மாடிகளிலும் கரையிலும் மோதிச் சிதறி, நிமிஷத்துக்கு ஒரு திசையாகத் திரும்புகிறது. தை மாதத்தில் வாடை வீசும். பங்குனி, சித்திரையில் காலை அசைவற்றுக் கிடந்து, கடற்காற்று பூந்தமல்லியை எட்டியதும் நீர்ப்பரப்பு முழுவதும் சிலிர்க்கும். இந்த மாறுதல்களைக் கற்ற கண் எந்தச் சமுத்திரத்திலும் ஏமாறாது. நீரோட்டத்தை மட்டும் ஏரி கற்றுத் தராது. நமது கரையோரத்தில் தென்மேற்குப் பருவத்தில் வடக்கேயும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கேயும் இழுக்கும் நீரோட்டத்தைக் கடலில்தான் கற்க வேண்டும். அது இரண்டாம் வகுப்புப் பாடம். முதல் வகுப்பே இல்லாதவனுக்கு இரண்டாம் வகுப்பைப் பற்றி என்ன கவலை?

ஆக்ஷேபணைகள் சில எழும் என்பதை நாம் அறிவோம். செம்பரம்பாக்கம் சென்னையின் குடிநீர் ஏரி. அங்கே படகு விடலாமா என்று கேட்பார்கள். போபாலின் பெரிய ஏரியும் அந்நகரத்து ஜனங்களுக்குக் குடிநீர் தருவதே. 2002 முதல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் நீர்நிலையாகவும் அது மதிக்கப்படுகிறது. பாய்மரப் படகு எண்ணெய் குடிப்பதில்லை, புகை கக்குவதில்லை. அப்படியும் தயக்கமானால், குடிநீர் ஏரி அல்லாததும், முன்பே பூங்கா அமைத்துப் படகுச் சவாரிக்குத் திறந்துவிடப்பட்டதுமான ஆவடி பருத்திப்பட்டு ஏரியில் ஆரம்பிக்கலாம். அபாயம் என்பது அடுத்த ஆக்ஷேபணை. ஏரிகளில் பிள்ளைகள் மூழ்கி இறக்கும் செய்தியைக் கோடைதோறும் படிக்கிறோம். அவர்கள் இறப்பது நீச்சல் தெரியாமையாலும், கரையில் காவல் இல்லாமையாலும் அன்றோ? நீச்சல் தெரியாத பிள்ளையைப் படகில் ஏற்றக்கூடாது. மிதவைச் சட்டை அணியாதவரை நீரில் விடக்கூடாது. காப்பாற்றும் படகு ஒன்று எப்போதும் தயாராயிருக்க வேண்டும். இந்த நிபந்தனைகளோடு நடக்கும் பள்ளி, ஏரிக்கரைப் பிள்ளைகளின் உயிரைக் காக்குமேயன்றி வாங்காது.

பணம் எங்கே என்பது மூன்றாவது. ஒரு படகைப் பத்துப் பிள்ளைகள் முறைவைத்து உபயோகிக்கலாம். டாங்கிகள் செய்யும் ஆவடியும், எண்ணிறந்த பட்டறைகள் நிறைந்த அம்பத்தூரும் பதினைந்து சாண் தோணி ஒன்றைச் செய்ய மாட்டாவா? ஹைதராபாத்தில் ஹுசேன் சாகர் ஏரியில் பயிற்சி பெற்ற ஏழைப் பிள்ளைகள் தேசியப் பந்தயங்களில் பரிசுகளைத் தட்டிச் சென்றிருக்கிறார்கள். அங்கே கூடியது இங்கே ஏன் கூடாது?

இவை யாவற்றுக்கும் மேலான ஆக்ஷேபணை ஒன்று உண்டு. அதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சாக்கடையும் ஆலைக் கழிவும் கலக்கும் ஏரியில் தன் குழந்தையை இறக்க எந்தத் தாய் சம்மதிப்பாள்? கொரட்டூர், அம்பத்தூர் ஏரிகளின் துயரக் கதை ஊரறிந்தது. ஒரு பக்கம் கழிவுநீர், மறு பக்கம் ஆக்கிரமிப்பு. நடுவில் ஆகாயத் தாமரை. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து திறந்துவிடப்பட்ட வெள்ளத்தைக் கண்ட பிறகு, ஜனங்களுக்கு ஏரியென்றால் அச்சம் ஒன்றே மிஞ்சியிருக்கிறது. வேண்டாத பொருளை யாரும் காப்பதில்லை. நூறு பிள்ளைகள் வாரந்தோறும் பாய் விரிக்கும் ஏரியில் ஒரு குழாய் கழிவைக் கொட்டினால், இருநூறு பெற்றோர் மறு நாளே நகராட்சி வாசலில் நிற்பார்கள். அத்தகைய காவலை எந்தச் சட்டமும் தர முடியாது. ஆதலால்தான் இதை நாம் வெறும் விளையாட்டு விஷயமாகக் கருதவில்லை.

நாம் கேட்பது பெரிதன்று. பருத்திப்பட்டு ஏரியில் கழிவு கலப்பதை முற்றிலும் நிறுத்தி, வரும் தை முதல் சித்திரை வரை, நீர் நிறைந்திருக்கும் காலத்தில், சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு முகாம் நடத்தட்டும். முதலில் நீச்சல், பிறகு பாய்மரம். விளையாட்டு அதிகாரிகளும், பாய்மரச் சங்கத்தாரும், ஆவடி மாநகராட்சியும், தொழிற்பேட்டை முதலாளிகளும் கை கோக்கட்டும். அவ்வூர்களின் தேச ஊழியர்கள் இதற்காகக் கிளர்ச்சி செய்வதைத் தங்கள் கடமையாகக் கொள்ளட்டும்.

சோழர்களின் கப்பற்படையைப் பற்றி மேடைதோறும் முழங்குவதில் நமக்கு நிகர் யாரும் இல்லை. அந்தப் பெருமையைப் பேசும் உரிமை, ஏரியில் ஒரு சிறு பாயையேனும் விரிக்கத் தன் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கும் சமூகத்துக்கே உண்டு.