பெயரை மாற்றினால் சட்டம் மாறிவிடுமா?



உயிர்த்த ஞாயிறு தாக்குதலை நினைத்தால், இலங்கையில் பயங்கரவாதத் தடைச் சட்டம் இருப்பதே நல்லது என்று நம் பங்கிலேயே சிலர் வாதிடத் தொடங்கியுள்ளீர்கள். கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும் சிந்திய இரத்தம் உங்களை அப்படிப் பேச வைக்கிறது. அத்துயரை மதிக்கிறேன். அவ்வாதத்தை ஏற்க மாட்டேன்.

2019 ஏப்ரல் 21 அன்று அச்சட்டத்துக்கு வயது ஏறத்தாழ நாற்பது. அது யாரைக் காப்பாற்றியது? தாக்குதல் பற்றிய எச்சரிக்கை ஏப்ரல் 4ஆம் திகதியே வெளிநாட்டிலிருந்து கொழும்புக்கு வந்துவிட்டது. அது அதிகாரிகளின் மேசைகளில் கிடந்தது. பிரதமரோ தேசிய பாதுகாப்புச் சபைக் கூட்டங்களுக்கு மாதக்கணக்கில் அழைக்கப்படவேயில்லை. 2023 சனவரியில் உயர் நீதிமன்றம், முன்னாள் சனாதிபதி 10 கோடி ரூபாவும், முன்னாள் பொலிஸ் மா அதிபரும் அரச புலனாய்வுச் சேவையின் முன்னாள் தலைவரும் தலா 7.5 கோடி ரூபாவும் இழப்பீடு செலுத்தப் பணித்தது. இவர்களில் எவரும் அதிகாரம் போதாமல் தவறியவர் அல்லர். எச்சரிக்கை வந்ததே, என்ன செய்தீர்கள் என்று உரிய வேளையில் கேட்கக் கடமைப்பட்ட ஓர் அவை அந்நாட்டில் இயங்கவில்லை.

ஆனால் தாக்குதலுக்குப் பின் அச்சட்டம் சுறுசுறுப்பாக வேலை செய்தது. மன்னார்க் கவிஞர் அஹ்னாப் ஜஸீம், தமிழில் எழுதிய ஒரு கவிதை நூலைக் காரணம் காட்டி 2020இல் கைதுசெய்யப்பட்டு, ஒன்றரை ஆண்டுக்கும் மேலாகச் சிறைப்பட்டிருந்தார். பின்னர் நீதிமன்றம் அவரை நிரபராதியென விடுவித்தது. கட்டுவாப்பிட்டித் தாய்மாருக்கு இதனால் கிடைத்த நீதி என்ன?

இச்சட்டம் 1979இல் மூன்று ஆண்டுகளுக்கென்று பிறந்தது. ‘தற்காலிக ஏற்பாடுகள்’ என்ற சொல் இன்றும் அதன் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1982இல் அக்கால எல்லையை நீக்கினார்கள். நம் குருக்களையும் அது விட்டுவைக்கவில்லை. அதே ஆண்டு கைதான அருட்தந்தை சிங்கராயர், 1983 யூலையில் ஐம்பத்து மூன்று தமிழ்க் கைதிகள் வெட்டியும் அடித்தும் கொல்லப்பட்ட வெலிக்கடைச் சிறையிலிருந்து உயிர் தப்பியவர்.

நீதவான் முன்னிலையில் வழக்கே தொடுக்காமல், அமைச்சரின் கட்டளை ஒன்றினால் ஒருவரைப் பதினெட்டு மாதங்கள் தடுத்து வைக்கலாம் என்றது அச்சட்டம். 2022இல் அதைப் பன்னிரண்டாகக் குறைத்துவிட்டுச் சீர்திருத்தம் என்றார்கள். இதைவிடக் கொடியது அதன் 16ஆம் பிரிவு. நாட்டின் பொதுச் சட்டப்படி பொலிஸாரிடம் அளித்த குற்ற ஒப்புதல் சான்றாகாது. இச்சட்டப்படியோ, உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடம் அளித்தது சான்றாகும். அச்சுறுத்திப் பெறப்பட்டது என்று நிரூபிக்கும் பொறுப்பும் கைதியின் தலையிலேயே விழும். மூடிய அறையில் நடந்ததற்கு அவர் எங்கே சாட்சி தேடுவார்? ஒப்புரவு அருட்சாதனம் கேட்டே காலம் கழித்த ஒரு குருவுக்கு இது புரியாமற் போகுமா? வற்புறுத்திப் பெற்ற அறிக்கையைத் திருச்சபை அறிக்கையாகவே கருதுவதில்லை. அரசு அதைக்கொண்டு ஆயுள் தண்டனை விதிக்கிறது.

‘அதுதான் புதிய சட்டம் கொண்டுவரப் போகிறார்களே’ என்பீர்கள். 2018இலும் 2023இலும் பதிலீட்டுச் சட்டமூலங்கள் வந்தன, இரண்டும் சட்டமாகவில்லை. 2023 மார்ச் வரைவோ, தடுப்புக் காவல் கட்டளையிடும் அதிகாரத்தைப் பிரதிப் பொலிஸ் மா அதிபரின் கையில் ஒப்படைக்க முனைந்தது. அமைச்சரையாவது நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்கலாம்!

நாம் வாழும் இந்தக் கனடாவைப் பாருங்கள். இங்கும் பாதுகாப்புப் பிரிவினர் புனிதர்களாக இருக்கவில்லை. 1972இல் கியூபெக்கில் அரச பொலிஸாரே ஒரு களஞ்சியத்துக்குத் தீ வைத்தார்கள். விசாரணை ஆணைக்குழு அமைந்தது. 1981இல் அறிக்கை வந்தது. 1984இல் புலனாய்வுப் பணி பொலிஸிடமிருந்து பிரிக்கப்பட்டுத் தனிச் சட்டத்தின் கீழ் வைக்கப்பட்டது. வீடு புகவும் ஒட்டுக்கேட்கவும் நீதிபதியின் ஆணை வேண்டும் என்றாயிற்று. மேற்பார்வைக்குச் சுயாதீனக் குழுவும் வந்தது. குறைகள் இன்னும் உண்டு. என்றாலும் உங்கள் பிள்ளையை இங்கே அதிகாரிகள் அழைத்துச் சென்றால், நீங்கள் முதலில் வழக்கறிஞரைத் தேடுகிறீர்கள். அங்கே முகாம் வாசல்களில் நின்றீர்கள்.

2017இல் ஜீ.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகை மீளக் கிடைத்தபோது, இச்சட்டத்தை நீக்குவதாக ஐரோப்பிய ஒன்றியத்துக்குக் கொழும்பு வாக்களித்தது. அவ்வாக்குறுதியை நினைவூட்டக் கூடியவர்கள் உங்கள் உறவினர்கள். பாரிஸில் அண்ணனும் ஜேர்மனியில் மச்சாளும் இல்லாத குடும்பம் நம் பங்கில் எது? இவ்வாரம் அவர்களுக்குத் தொலைபேசி எடுங்கள். தங்கள் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினருக்கு அவர்கள் இரண்டே கேள்விகள் எழுதட்டும்: புதிய சட்டத்தில் தடுப்புக் காவலை முதல் நாளிலேயே நீதிபதி பரிசீலிப்பாரா? புலனாய்வுச் சேவையின் கோப்பைத் திறந்து பார்க்கும் உரிமை நாடாளுமன்றத்தில் யாருக்கு இருக்கும்?