கோப்புறையின் சாவி யாரிடம்?

விளையாட்டுப் பொருளறைச் சாவியை யார் எடுத்தார், எப்போது திருப்பித் தந்தார் என்பதற்கெல்லாம் பள்ளிகளில் குறிப்பேடு உண்டு. பிள்ளைகளின் அடையாள அட்டை எண்ணும் பெற்றோரின் வருமானமும் அடங்கிய கணினிக் கோப்புறையை எவரெவர் திறக்கலாம் என்று கேட்டுப் பாருங்கள்; "அது கணினி ஆசிரியர் வேலை" என்பதே மறுமொழி. அல்ல ஐயா, அது தலைமையாசிரியர் வேலை.

நான் முன்பு பணியாற்றிய பள்ளியொன்றில் உதவித்தொகைப் பட்டியல் கூகுள் டிரைவில் இருந்தது. பகிர்வுப் பட்டியலைத் திறந்தபோது, மாற்றலாகிப் போய்விட்ட இருவருக்குத் திருத்தும் உரிமையே இருந்தது. அதன் கீழே, 'இணைப்பை வைத்திருக்கும் எவரும் காணலாம்' என்ற வரி! அந்த இணைப்பு எத்தனை புலனக் குழுக்களைச் சுற்றி வந்ததோ!

"நாமெல்லாம் ஒரே குடும்பம், யார் திருடப் போகிறார்கள்?" என்பார்கள். பெக்கான் நானாஸ் போன்ற சிற்றூரில் கள்வனைவிட அக்கம்பக்கத்தாரின் வாய்க்கே நான் அஞ்சுகிறேன். எந்த வீட்டுப் பிள்ளை உதவிக்கு மனுப் போட்டது என்பது வெளிப்பட்டால், மறுநாள் வகுப்பில் தலைகுனிவது அப்பிள்ளைதான். கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளலாம்; பிறந்த நாளையும் பிறந்த மாநிலத்தையும் சுமக்கும் 12 இலக்க எண்ணை மாற்ற இயலுமா?

2018 ஜூனில் தேர்வு முடிவுகளுக்கான 'சாப்ஸ்' தளத்தில் பாதுகாப்புக் குறை வெளிப்பட்டுக் கல்வி அமைச்சே அதனைத் தற்காலிகமாக மூட நேர்ந்தது. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ கூட்டரசையும் மாநில அரசுகளையும் கட்டுப்படுத்தாது. ஆகவே நம் காவல் நம் கையில்தான்.

பார்ப்பது கடினமன்று. டிரைவில் கோப்புறையைத் தேர்ந்து 'பகிர்' என்பதை அழுத்தினால் பெயர்கள் தெரியும். அலுவலக வலையமைப்பிலுள்ள விண்டோஸ் கோப்புறையானால் வலச்சொடுக்கி, 'பிராப்பர்டீஸ்' சென்று, 'ஷேரிங்', 'செக்யூரிட்டி' ஆகிய இரண்டையும் பார்க்கவேண்டும். வலைவழி வருவோருக்கு இவ்விரண்டில் இறுக்கமானதே செல்லும். ஒன்றை மட்டும் பார்த்து நிம்மதியடைவோரே மிகுதி. இரண்டிலும் 'எவ்ரிவன்' என்ற சொல் இருந்தால் அக்கோப்புறைக்குக் கதவே இல்லை என்று பொருள்.

ஆசிரியர் மாற்றலாகும் நாளில் பாடநூல், சாவி, மேசை அனைத்தையும் கணக்கிட்டு வாங்கிக்கொள்கிறோம். அந்தப் படிவத்திலே கோப்புறை உரிமைக்கென ஒரு வரி சேர்க்க எவருடைய அனுமதிக்காகக் காத்திருக்கிறோம்?