கல்யாணக் கனவு கண்டால் சாவு விழுமா?

என் மாமியாருக்கு இரண்டு கண்ணிலும் புரை. இடது கண்ணில் நன்றாக முற்றிவிட்டது. மாடியிலிருந்து இறங்கும்போது கடைசிப் படி எது, தரை எது என்று காலால் துழாவித்தான் இறங்குகிறார். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்து, சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்து, சொட்டு மருந்தும் வாங்கி வைத்தாகிவிட்டது. முந்தின நாள் காலையில் நாத்தனார் போன் செய்தார். விடியற்காலையில் கனவு கண்டாராம். வாசலில் பந்தல், மேளம், கூட்டம் கூட்டமாகப் பந்தி. கல்யாணக் கனவு வந்தால் வீட்டில் சாவு விழும், அதனால் இப்போது கத்தி வைக்க வேண்டாம், தை பிறக்கட்டும் என்றார். படித்து வேலை பார்க்கிறவர்கள் நிறைந்த வீடு இது. ஒருவர் வாய் திறக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குச் சொல்லித் தேதியை ரத்து செய்துவிட்டார்கள். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

கல்யாணம் கண்டால் சாவு. சாவு கண்டால் ஆயுள் கெட்டி. பல் விழுந்தால் சொந்தத்தில் ஒருவர் போய்விடுவார். யானை துரத்தினால் பிள்ளையாருக்கு நேர்த்திக்கடன் பாக்கி. பாம்பு கடித்தால் பீடை கழிந்தது. எந்தக் காலத்தில், யார், எத்தனை பேரின் கனவைக் கேட்டுச் சோதித்து எழுதிய கணக்கு இது? கேட்டால் பெரியவர்கள் சொன்னது என்பார்கள். சரி, பெரியவர்களிடமே போவோம்.

ஆண்டாளைவிடப் பெரியவர் யார்? நாச்சியார் திருமொழியின் ஆறாம் திருமொழி, வாரணம் ஆயிரம், முழுக்க முழுக்க ஒரு கல்யாணக் கனவு. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண், பந்தலும் காப்புக் கட்டுவதும் தீ வலமும் அம்மி மிதிப்பதுமாகத் தன் திருமணத்தைக் கனவில் கண்டு தோழியிடம் சொல்கிறாள். அதைக் கேட்டுப் பெரியாழ்வார் வீட்டில் சாவு விழும் என்று யாராவது நடுங்கினார்களா? வைணவக் கல்யாணங்களில் மாப்பிள்ளையும் பெண்ணும் தேங்காய் உருட்டும்போது அந்தப் பாசுரங்களைத்தான் பாடுகிறார்கள். கல்யாண மேடையிலேயே கல்யாணக் கனவைப் பாடி வாழ்த்துகிற அதே ஊர், நாத்தனார் கண்ட கல்யாணக் கனவுக்கு ஆஸ்பத்திரித் தேதியை ரத்து செய்கிறது.

இதைச் சொன்னதும், “அவர் தெய்வப் பிறவி, அவரோடு நம்மை ஒப்பிடலாமா?” என்று வாயை அடைக்கப் பார்த்தார்கள். ஒப்பிடக்கூடாது என்றால் நம் பெண்ணின் கல்யாணத்தில் அவர் கனவை ஏன் பாடுகிறீர்கள்? கனவு கெட்டது என்றால் எல்லோருக்கும் கெட்டது. நல்லது என்றால் நாத்தனாருக்கும் நல்லதுதான். யானை கதையும் அப்படியே. ஒரு யானை கனவில் வந்தால் பிள்ளையார் கோயிலுக்கு ஓடுகிறவர்கள், ஆயிரம் யானை சூழ வந்த கனவைக் கைகூப்பிக் கேட்கிறார்கள்.

சிலர் கண்ணகியைக் கொண்டுவருவார்கள். புகார்க் காண்டத்தில் தேவந்தியிடம் அவள் சொன்ன கனவு மதுரையில் அப்படியே பலித்ததே என்பார்கள். பலிக்காமல் என்ன செய்யும்? முடிவு தெரிந்த காப்பியத்தில் அந்தக் கனவை வைத்தவர் இளங்கோ. நம் வீட்டுக் கனவுகளை எழுதிவைக்க அப்படி ஒரு புலவர் இல்லை.

விடியற்காலைக் கனவு பலிக்கும் என்பதற்கு வருகிறேன். முதல் ஜாமத்தில் கண்டால் ஒரு வருடத்துக்குள் பலிக்கும், விடியலில் கண்டால் பத்து நாளில் பலிக்கும் என்கிறார்கள். ஒரு வருடத்துக்குள் நல்லதோ கெட்டதோ நடக்காத வீடு எங்கே இருக்கிறது? 1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர், தூங்குகிறவர்களின் மூடிய இமைக்குள் விழிகள் வேகமாக அலைகிற வேளைகள் உண்டு என்று பதிவு செய்தார்கள். அந்த வேளையில் எழுப்பினால் பெரும்பாலோர் கனவு சொன்னார்கள். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை அந்த வேளை வருகிறது. விடிய விடிய அதன் நீளம் கூடுகிறது. நள்ளிரவில் கண்டது தூக்கத்திலேயே கரைந்துபோகும். விடியலில் கண்டதன் நடுவிலேயே விழித்துக்கொள்கிறோம், அதனால் நினைவில் நிற்கிறது. நினைவில் நிற்கிற கனவைத்தானே பலித்தது என்று சொல்ல முடியும்? பலிக்காமல் போன நூறை யார் எண்ணி வைத்தார்கள்?

கனவு எங்கிருந்து வருகிறது என்று என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நாத்தனாரின் மகளுக்கு வரன் பார்க்கிறார்கள். ஜாதகக் கட்டு, போட்டோ, “பெண் நிறம் கொஞ்சம் மட்டு” என்ற பதில், நகைக் கணக்கு என்று அந்த வீட்டில் காலை முதல் இரவு வரை வேறு பேச்சே கிடையாது. அவர் கல்யாணத்தைக் கனவு காணாமல் வேறெதைக் காண்பார்? அந்தக் கனவில் இருந்தது ஒரு தாயின் ஏக்கம். சாவு எங்கே விழும் என்று பயந்த வீட்டில், “உனக்கு ராத்திரி தூக்கமே வரவில்லையா அக்கா?” என்று ஒருவரும் அவரைக் கேட்கவில்லை. நம் வீடுகளில் ஒரு பெண்ணின் மனக்கவலை சகுனமாக மாறினால்தான் அதற்குக் காது கிடைக்கிறது. இது எனக்குத் தாங்கவில்லை.

பஞ்சாங்கத்தைக் கேலி செய்துவிட்டு, பாம்பு என்றால் காமம் என்று ஃப்ராய்டின் பெயரால் எழுதுகிற பத்திரிகைக்காரர்களையும் நான் விடுவதாக இல்லை. அதுவும் பலன் பட்டியல்தான். 1899-இன் கடைசியில் வெளிவந்த தன் கனவு நூலிலேயே, கண்டவர் தன் கனவை ஒட்டி எதையெதை நினைக்கிறார் என்று கேட்டுத்தான் பொருள் தேட வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். அந்தப் பாதியை இவர்கள் படிப்பதில்லை.

காலையில் தொலைக்காட்சியைத் திறந்தால் ஒருவர் உட்கார்ந்து பரிகாரம் விற்கிறார். தினசரிக் காலண்டரின் பின்பக்கத்தில் பல்லி விழும் பலன்: தலையில் விழுந்தால் ஒன்று, தோளில் விழுந்தால் ஒன்று. பெட்டிக்கடை முதல் பள்ளிக்கூட அலுவலகம் வரை அந்தக் காலண்டர் தொங்குகிறது. அச்சடிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பல்லியையும் கனவையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஆம்புலன்சுக்கு 108, குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181 என்று மூன்று எண்களைப் பெரிய எழுத்தில் போடுங்கள். புரை விழுந்த கண்ணுக்கும் தெரிகிற அளவுக்குப் பெரிதாக.